ட்ரெய்னருக்கு முதுகெலும்பு எவ்வளவு தெரிஞ்சா போதும்?

சுமைதாங்கி

கோர்ஸ்ல முதுகெலும்புன்னா "கழுத்துல (சி) 7, மார்புல (டி) 12, இடுப்புல (எல்) 5, திரிகத்துல (எஸ்) ஒட்டிப்போனது 5, வால்ல 4, ஆக மொத்தம் 33"ன்னு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. பரீட்சைக்கு அது போதும். ஜிம்முல கேக்குற கேள்வி வேற. "எல்4-எல்5 பல்ஜ்னு ரிப்போர்ட் இருக்கு, ஸ்குவாட் பண்ணலாமா?" "டெட்லிஃப்ட்ல முதுகு வளையுதே, நிறுத்தணுமா?" "ரஷ்யன் ட்விஸ்ட் போட்டாலே குறுக்கு பிடிக்குது, ஏன்?" இதுக்கெல்லாம் அந்த 33 பதில் சொல்லாது.

எலும்பு வடிவம், டிஸ்க் (ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு), நரம்பு, தசை, இதுல எது நாம குடுக்குற பயிற்சியை நேரடியா மாத்துதோ அதை எழுதுங்க. எத்தனை டிகிரி, எங்க கை வைக்கணும், எப்போ நிறுத்தணும். "டாக்டரைப் பாருங்க"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போகாதீங்க. எந்த அறிகுறிக்கு அனுப்பணும், எவ்வளவு அவசரம்னு சொல்லுங்க.

எல்5எஸ்1

எண்ணிக்கையை அடியோடு ஒதுக்க வேண்டாம், அதில் வேலைக்கு ஆகிற பாதி இருக்கிறது. 33இல் அசைவது 24 மட்டும். டிஸ்க் 23. தலைக்கும் சி1க்கும் நடுவில் டிஸ்க் இல்லை, சி1-சி2 நடுவிலும் இல்லை. முதல் டிஸ்க் சி2-சி3, கடைசி எல்5-எஸ்1. தண்டுவடம் எல்1-எல்2 மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றைதான். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் "தண்டுவடம் நசுங்கிடுச்சு" என்று கிளையன்டைப் பயமுறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே தண்டுவடமே கிடையாது.

கையால் எடுக்கத் தெரிய வேண்டிய இடங்கள் ஐந்து. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற முள் பெரும்பாலும் சி7. (சிலருக்கு டி1 அதைவிடத் துருத்தும். விரலை வைத்துக்கொண்டு தலையை மெல்ல நிமிர்த்தச் சொன்னால் சி6 உள்ளே நழுவி மறையும், அதற்கு அடுத்தது சி7.) தோள்பட்டை எலும்பின் மேட்டு விளிம்பு உடலோடு சேரும் மட்டம் டி3. அதே எலும்பின் கீழ்முனை டி7 பக்கம். இரண்டு இடுப்பெலும்பு மேடுகளையும் சேர்த்துக் கோடு போட்டால் எல்4, அல்லது எல்4-எல்5 இடைவெளி. பின்னிடுப்பில் இரண்டு குழி விழுமே, அது எஸ்2 மட்டம். ஆளுக்கு ஆள் ஓர் எலும்பு மேலே கீழே இருக்கும். "சரியாக எல்4இல் வலி" என்று எழுதிவைக்க இது உதவாது. கிளையன்ட் எந்தப் பகுதியை வளைக்கிறார் என்று பார்க்கத் தாராளமாகப் போதும்.

பிளேட்டு

ரஷ்யன் ட்விஸ்ட் கேள்விக்கு யாராச்சும் பதில் சொல்லுங்களேன்.

வெண்பலகை

அதற்கு ஃபேசட் மூட்டின் வடிவம் புரிய வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு சிறு மூட்டுப் பரப்புகள். எலும்பு எந்தப் பக்கம் நகரலாம், எந்தப் பக்கம் கூடாது என்று முடிவு செய்வது அந்தப் பரப்புகளின் சாய்வுதான். வண்டிக்கு இருப்புப்பாதை மாதிரி.

கழுத்தில் அவை ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு படிந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அதனால் எல்லாத் திசையிலும் சறுக்கும். கழுத்துத் திருப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி சி1-சி2 என்ற ஒரே மூட்டில் நடந்துவிடுகிறது. மார்பில் பரப்புகள் செங்குத்தாக நிமிர்ந்து முன்-பின் பார்க்கும். சுழல்வதற்கு வாகான அமைப்பு. ஆனால் விலா எலும்புக் கூடு பிடித்துக்கொள்வதால் குனிவதும் நிமிர்வதும் அங்கே குறைவு.

இடுப்பில் கதை மாறுகிறது. பரப்புகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், கும்பிட்ட கைபோல. கும்பிட்ட கையை மேலும் கீழும் உரசலாம், குனிந்து நிமிரலாம். ஒரு கையை மற்றதன்மேல் திருக முயன்று பாருங்கள், உடனே முட்டும். அதனால்தான் இடுப்பில் ஒரு மூட்டுக்கு 1-2 டிகிரிதான் சுழற்சி. ஐந்தையும் கூட்டினாலும் ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி அளவில் நின்றுவிடும். மார்பு மொத்தமாக 35 டிகிரி பக்கம் தரும்.

உட்கார்ந்து, காலைத் தூக்கி, பின்னால் சாய்ந்து ரஷ்யன் ட்விஸ்ட் போடும்போது இடுப்பெலும்பு தரையில் பூட்டிக் கிடக்கிறது. இடுப்பு முதுகு ஏற்கெனவே கூனி, டிஸ்கின் பின்சுவர் இழுபட்டிருக்கிறது. அந்த நிலையில் வேகமாகத் திருகினால் மார்பின் 35 தீர்ந்ததும் மிச்சம் எங்கே போய் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கர்லாக்கட்டை

கட்டை சுத்துறவங்களுக்கும் இதேதான். கர்லாவைத் தலைக்குப் பின்னால இறக்கும்போது விலாக்கூடு திரும்பணும், பாதமும் இடுப்பும் கூடவே கொஞ்சம் போகணும். புதுசா வர்றவன் காலை ஆணி அடிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு, தோள் போதாததுக்கு இடுப்பை முன்னால தள்ளி வளைக்கிறான். அப்புறம் "கட்டை சுத்தி குறுக்கு போச்சு"ங்கிறான். கட்டை மேல தப்பில்ல. முதல் மாசம் 2, 3 கிலோ போதும். கட்டை பின்னால இறங்குறப்போ கீழ்விலா முன்னால பிதுங்குதான்னு மட்டும் பாருங்க. பிதுங்குச்சுன்னா தோள் அந்த அளவுக்கு இன்னும் திறக்கல, சுத்தைச் சின்னதாக்குங்க.

கேபிள் சாப் (கேபிளைக் குறுக்கா இழுத்துத் திரும்புறது) பண்ணுறப்பவும் பின்னங்கால் குதிகாலைத் தூக்கித் திரும்ப விடுங்க. இடுப்பு மூட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் முப்பது, நாப்பது டிகிரி சுழற்சி இருக்கு. அதைப் பூட்டி வெச்சிட்டு முதுகுகிட்ட கேட்டா அது எங்க போகும்?

சுமைதாங்கி

கும்பிட்ட கை உதாரணம் போதும், இதை வெச்சே கிளையன்டுக்குச் சொல்லிடலாம். அடுத்து டிஸ்க். "ஜவ்வு விலகிடுச்சு"ன்னு ரிப்போர்ட்டோட வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது உண்டு.

எல்5எஸ்1

முதலில் அந்த "விலகிடுச்சு"வை விடுவோம். டிஸ்க் சோப்புக்கட்டி மாதிரி நழுவும் பொருள் அல்ல. மேலும் கீழும் குருத்தெலும்புத் தகட்டோடு ஒட்டிப் பின்னப்பட்டது. நடுவே நுங்கு போல நீர் நிறைந்த கூழ், சுற்றிலும் நார்வளையம். வளையம் வெங்காயம்போல 15-25 அடுக்கு, ஒவ்வோர் அடுக்கிலும் நார் முந்தைய அடுக்குக்கு எதிர்ச்சாய்வில் ஓடும், கூடை பின்னுவதுபோல. நேராக அமுக்கினால் இந்தப் பின்னல் அசாத்திய பலம். ஒரு பக்கம் திருகினால் பாதி அடுக்குதான் இறுகும், மறுபாதி தளரும். வளைவும் திருகலும் சேர்ந்த சுமை ஏன் மோசம் என்பதற்கு ஒரு காரணம் இது.

விலகுவதாகச் சொல்வது வளையம் தளர்ந்து வெளியே பிதுங்குவதை. முழு வட்டமும் கொஞ்சம் புடைத்தால் பல்ஜ். ஓரிடத்தில் மட்டும் துருத்தினால் புரோட்ரூஷன். வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்தால் எக்ஸ்ட்ரூஷன். வந்த துண்டு தனியாகப் பிரிந்தால் செக்வெஸ்ட்ரேஷன். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், வெளியே வந்த துண்டை உடலே கரைத்துவிடும் வாய்ப்பு கடைசி இரண்டில்தான் அதிகம்.

பெரும்பாலும் பின்பக்கம், அதுவும் ஓரமாகப் பிதுங்கும். நேர் பின்னால் ஒரு நீள் தசைநார் பட்டையாகக் காவல் நிற்கிறது, இடுப்புக்கு இறங்க இறங்க அது குறுகிவிடுகிறது. காவல் இல்லாத ஓரத்தில் கூழ் வழி தேடுகிறது. அங்கேதான் கீழே இறங்கும் நரம்பு போகிறது. அதனால் எல்4-எல்5 பிதுங்கினால் வழக்கமாக அடிபடுவது எல்5 நரம்பு, எல்5-எஸ்1 பிதுங்கினால் எஸ்1 நரம்பு. இடுப்பு டிஸ்க் பிதுக்கத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த இரண்டு மட்டத்தில்தான்.

ஜிம்மில் பார்க்கக்கூடியது: எல்5 சோர்ந்தால் கால் பெருவிரலை மேலே தூக்க வலு குறையும், குதிகாலில் நடக்கச் சொன்னால் முன்பாதம் தொங்கும். எஸ்1 சோர்ந்தால் ஒற்றைக்காலில் நின்று குதிகால் தூக்க முடியாது. இரண்டு காலிலும் பத்துப் பத்து எடுக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் பத்தும் மறுபக்கம் மூன்றும் என்றால் அது "கெண்டைக்கால் வீக்" இல்லை. அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கணக்கு. நோய் என்னவென்று பெயர் வைப்பது நம் வேலை அல்ல. வித்தியாசத்தைக் கவனித்து எழுதிக் கொடுப்பது நம் வேலை.

பிளேட்டு

அப்போ ரிப்போர்ட்டுல பல்ஜ் இருந்தா வெயிட்டே தூக்கக் கூடாதா?

வெண்பலகை

ரிப்போர்ட் மட்டும் இருந்து காலில் எந்தக் குறையும் இல்லை என்றால், அந்தத் தாளுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்துக்கு பல்ஜ், 80 வயதில் 84 சதவீதத்துக்கு. டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96. நரை மாதிரிதான். 45 வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் பல்ஜ் இல்லாவிட்டால்தான் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது? வலி முழங்காலுக்குக் கீழே போகிறதா? பயிற்சி போகப் போகக் கால்வலி மேலேறி முதுகுக்குத் திரும்புகிறதா, கீழே இறங்குகிறதா? மேலேறினால் தொடரலாம். கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு விடுங்கள்.

நாற்பதுகிலோ

சுத்தி வளைக்காம கேக்குறேன். டெட்லிஃப்ட்ல முதுகு வளையலாமா கூடாதா? ஒரு கூட்டம் கொஞ்சம் வளைஞ்சாலே டிஸ்க் வெடிக்கும்ங்குது. இன்னொரு கூட்டம் முதுகு எதையும் தாங்கும், பயமுறுத்தாதீங்கங்குது.

கர்லாக்கட்டை

வளையக் கூடாது. ஆரம்பிக்கிறவனுக்கு வேற பதிலே கிடையாது.

வெண்பலகை

அண்ணன் சொல்வது சொல்லிக்கொடுக்கும் முறைக்குச் சரி. உடற்கூற்று உண்மையாக எடுத்துக்கொண்டால் கொஞ்சம் திருத்த வேண்டும்.

கண்ணுக்கு நேராகத் தெரிகிற முதுகுகூட பார் தரையிலிருந்து கிளம்பும்போது உள்ளே பல டிகிரி வளைந்துதான் இருக்கும். நிற்கும்போது இருக்கிற இடுப்புக் குழிவு அப்படியே நீடிப்பதில்லை. இடுப்பு முதுகுக்குக் குனியும் எல்லை 50-60 டிகிரி. அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் முழுசாகக் குனிந்ததும் முதுகை நிமிர்த்தும் தசைகள் மின்சாரம் போன மாதிரி அணைந்துவிடும். தசை விட்ட சுமையைத் தசைநாரும் டிஸ்கின் பின்சுவரும் வாங்கிக்கொள்ளும். இது தசைமின் பதிவில் தெளிவாகத் தெரியும் விஷயம்.

டிஸ்குக்குள் அழுத்தமானியை வைத்து 1999இல் வில்கே குழுவினர் அளந்தார்கள். எல்4-எல்5இல் நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், படுத்தால் 0.1. 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கினால் 2.3, முழங்கால் மடக்கித் தூக்கினால் 1.7. ஒன்றை மறக்கக் கூடாது: அளந்தது ஒரே ஒரு ஆளிடம். திசை தெரிகிறது, ஆனால் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "நிற்பதைவிட உட்காருவதில் டிஸ்க் அழுத்தம் 40 சதவீதம் கூடுதல்" என்று பல பாடப்புத்தகங்களில் இருப்பது நாச்செம்சன் முன்பு அளந்தது. வில்கே அளவில் சாதாரணமாக உட்கார்ந்தால் 0.46தான், நிற்பதைவிட ஒரு துளி குறைவு.

எல்5எஸ்1

வளைவைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. பாருக்கும் முதுகுக்கும் உள்ள தூரம். கணக்குப் போட்டால் தெரியும். முதுகை நிமிர்த்தும் தசை, மூட்டின் நடுவிலிருந்து 5-6 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. துலாக்கோல் மாதிரி நினையுங்கள். ஒரு பக்கம் 6 செ.மீ., மறுபக்கம் பார் வரைக்கும் உள்ள தூரம்.

60 கிலோ பார், 40 செ.மீ. முன்னால்: 60 × 40 ÷ 6 = 400 கிலோ இழுவை தசையில். அதே பாரை முழங்காலுக்குக் கீழே உள்ள முன்கால் எலும்போடு உரசிக் கொண்டுவந்து 30 செ.மீ. ஆக்கினால் 300 கிலோ. பத்து செ.மீ.க்கு நூறு கிலோ வித்தியாசம். உடலின் மேல்பாதி எடையும் பாரின் எடையும் தனி. அந்த மொத்தமும் டிஸ்கை அமுக்குகிறது. வேலையிடத்தில் சுமை தூக்குவோருக்கு அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு வைத்த அமுக்க வரம்பு 3400 நியூட்டன், கிட்டத்தட்ட 350 கிலோ. அது தினமும் வேலைக்காகத் தூக்குகிற சாதாரண ஆட்களுக்கான எல்லை. பல வருடம் பழகிய பவர்லிஃப்டர்களுக்கு 17 ஆயிரம் நியூட்டன் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். எலும்பும் பழகும். ஆனால் வருடக்கணக்கில்.

25 கிலோ அரிசி மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்குகிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை, கார் டிக்கியில் இருந்து 7 கிலோ பையை எட்டி எடுக்கிறவருக்குப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் இந்தக் கணக்கில் பாதி பதில் இருக்கிறது.

நாற்பதுகிலோ

சரி, ஒத்துக்குறேன். அப்போ கடைசியா என்ன சொல்லிக் கொடுக்கிறது?

எல்5எஸ்1

ஆரம்பக்காரருக்கு: தொடங்கின வடிவம் தூக்கி முடிக்கும் வரை மாறக் கூடாது. தொடக்கத்தில் கொஞ்சம் வளைந்திருந்து அப்படியே போவதைவிட, நேராகத் தொடங்கி நடுவில் கூனுவது மோசம். செட்டின் நாலாவது, ஐந்தாவது தடவையில்தான் அது வரும். வந்ததும் செட்டை முடித்துவிடுங்கள், "இன்னும் ரெண்டு" என்று கத்த வேண்டாம்.

கர்லாக்கட்டை

அதைத்தான் நானும் சொன்னேன், நீங்க நாலு பத்தியில சொன்னீங்க.

ஹிஞ்ச் (முதுகை வளைக்காம இடுப்பு மூட்டுல மடங்கிக் குனியுறது) கத்துக்குடுக்க ஒரு அங்குல பிவிசி பைப், அஞ்சு அடி. முதுகுல நெட்டுக்கு வைங்க. பின்மண்டை, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவு, திரிக எலும்பு, மூணு இடத்துலயும் ஒட்டணும். இடுப்புக் குழியில உள்ளங்கை தட்டையா நுழையுற இடம் இருக்கணும், முஷ்டி நுழைஞ்சா ரொம்ப வளைச்சிருக்கான். முழங்காலை இருபது டிகிரி தளர்த்தி, பின்பக்கத்தால சுவத்தைத் தொடுற மாதிரி தள்ளச் சொல்லுங்க. சுவத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல ஆரம்பிங்க, தொட்டுட்டா அரை சாண் முன்னால நகருங்க. பைப் எந்த இடத்துல விடுதோ அங்க நிறுத்து. மண்டை விட்டா கழுத்தைக் குனியிறான். திரிகம் விட்டா இடுப்பு கூனுது, ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) அவ்வளவுதான் நீளும். அந்த உயரத்துக்கு பார் வரணும்னா ரெண்டு பக்கமும் பிளேட்டை அடுக்கி மேல வைங்க. தரையில இருந்துதான் தூக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

பிளேட்டு

ஸ்குவாட்ல கீழ போனா பின்பக்கம் உள்ள சுருளுதே, பட் விங்க்... அதுவும் ஹாம்ஸ்ட்ரிங்தானா?

வெண்பலகை

பெரும்பாலும் இல்லை. ஸ்குவாட்டில் முழங்காலும் மடங்குவதால் ஹாம்ஸ்ட்ரிங் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. தொடையெலும்பின் கழுத்து இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் முட்டுகிற ஆழம் ஆளுக்கு ஆள் வேறு. முட்டியதும் கூபகம் (இடுப்பெலும்பு வளையம்) பின்னால் சுருள்கிறது. கணுக்கால் மடங்காவிட்டாலும் அதே. பக்கவாட்டிலிருந்து மொபைலில் படம் பிடித்து, சுருளத் தொடங்கும் உயரத்தைப் பாருங்கள். பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, 15-30 டிகிரி வெளியே திருப்பிப் பாருங்கள். குதிகாலுக்கு அடியில் இரண்டரை கிலோ பிளேட் வைத்துப் பாருங்கள். எதில் ஆழம் கூடுகிறதோ அதுதான் காரணம். எதிலும் கூடவில்லை என்றால் அது அவர் எலும்பு. சுருளும் இடத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே பெட்டி வைத்து அங்கேயே வேலை வாங்குங்கள். கனமில்லாத ஸ்குவாட்டில் கொஞ்சம் சுருண்டால் ஊர் கவிழ்ந்துவிடாது.

சுமைதாங்கி

பிரேசிங் (தூக்குறப்போ வயித்தைச் சுத்தி இறுக்குறது) பத்தி யாரும் தொடல. "வயித்தை உள்ள இழு"ன்னு சொல்றது சரியா?

எல்5எஸ்1

சுமையோடு நிற்கும்போது தவறு. வயிற்றை ஒரு டப்பாவாக எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடி உதரவிதானம், அதன் வேர்கள் எல்1-எல்3 முள்ளெலும்புகளிலேயே ஊன்றியிருக்கின்றன. அடிமூடி இடுப்புத்தளத் தசைகள். சுற்றுச்சுவர் குறுக்கு வயிற்றுத்தசையும் சாய்தசைகளும், அவை பின்னால் போய் முதுகின் தடித்த படலத்தோடு சேர்கின்றன. லேட் (அக்குளிலிருந்து முதுகில் விரியும்) தசையும் பின்பக்கத் தசையும் அதே படலத்தை மேலும் கீழும் இழுக்கின்றன. நாலு பக்கமும் விறைத்தால்தான் டப்பா நசுங்காது. தொப்புளை உள்ளே இழுத்தால் சுவரை ஒடுக்கிவிடுகிறீர்கள்.

கற்றுக்கொடுக்க: கட்டைவிரல் பின்னால் இடுப்பு மேட்டுக்கு மேலே, மற்ற விரல்கள் பக்க வயிற்றில். ஒரு தடவை இருமச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் வெடுக்கென்று தள்ளியதே, அதுதான் வேண்டிய தசை. இப்போது மூக்கால் இழுக்கும் மூச்சு விரலையும் கட்டைவிரலையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும், நெஞ்சு மட்டும் ஏறக் கூடாது. அந்த விரிவைப் பிடித்தபடியே இருமின அளவுக்கு இறுக்கம். பாத்திரம் தூக்க ஐந்தில் ஒரு பங்கு இறுக்கம் போதும், கனமான செட்டுக்கு முழுசும். பெல்ட் போட்டாலும் இதேதான். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, வயிற்றால் பெல்ட்டைத் தள்ள வேண்டும். சும்மா இறுக்கிக் கட்டிக்கொண்டு தளர்வாக நின்றால் பெல்ட் அழகுக்கு.

மூச்சை அடக்குவதில் எச்சரிக்கை. 1985இல் மெக்டூகல் குழு லெக் பிரஸ்ஸில் ரத்தக்குழாய்க்குள்ளேயே அளந்தபோது, பாடிபில்டர்களின் சராசரி ரத்த அழுத்தம் 320/250ஐத் தொட்டது. பிபி உள்ளவர், குடலிறக்கம் உள்ளவர், கண் அறுவை முடிந்து சில வாரமே ஆனவர், கர்ப்பிணி ஆகியோருக்கு மூச்சை அடக்காமல், தூக்கும்போது மெல்ல விடச் சொல்லுங்கள், எடையையும் அதற்கேற்ப இறக்குங்கள்.

நாற்பதுகிலோ

இடுப்பு முன்னால சாயுது, ஹிப் ஃப்ளெக்ஸர் (தொடையை முன்னால தூக்குற தசை) டைட், அதான் குறுக்கு வலி. இது உண்மையா?

வெண்பலகை

கூபகம் முன்சாய்ந்திருப்பது வலியில்லாத பெரும்பான்மையோருக்கு இயல்பு. நிற்கிற தோற்றத்தைப் பார்த்து வலிக்குக் காரணம் சொல்வதை விட்டுவிடலாம்.

எல்5எஸ்1

நிமிரும்போது வலிக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதுவரை குனிவதையே பேசினோம். பதின்ம வயதினர், குறிப்பாக வேகப்பந்து வீசுகிறவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்கள், பின்னால் வளையும்போது ஒரு பக்கக் குறுக்கு வலி என்றால் அதைத் "தசைப்பிடிப்பு" என்று தேய்த்துவிட்டு அனுப்பாதீர்கள். மேல் மூட்டுப் பரப்புக்கும் கீழ் மூட்டுப் பரப்புக்கும் நடுவே பார்ஸ் என்ற ஒடுங்கிய எலும்புப் பாலம் இருக்கிறது. பின்வளைவும் திருகலும் திரும்பத் திரும்ப வந்தால் அது கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல விரிசல் விடும். எல்5தான் அதிகம். வலக்கை வீச்சாளருக்கு பெரும்பாலும் இடப்பக்கம். பும்ரா 2019இல் கீழ்முதுகு அழுத்த முறிவுக்காக விளையாட்டை நிறுத்த வேண்டியிருந்தது, முதுகு அறுவை 2023இல். ஸ்கேன் வரும்வரை சூப்பர்மேன், பேக் எக்ஸ்டென்ஷனில் கிடைமட்டத்துக்கு மேலே போவது, பின்னால் சாய்ந்து ஓவர்ஹெட் பிரஸ், ஆழமான புஜங்காசனம் எல்லாம் நிறுத்தம். பந்து வீச்சும்தான், பயிற்சியாளர் எவ்வளவு முறைத்தாலும்.

உடனே அனுப்ப வேண்டியவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, இரண்டு காலும் சேர்ந்து சோர்வது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று எண்ணி அதே மணி நேரத்தில் மருத்துவமனை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் "ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் மாற்றம் இருக்கா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

அடுத்தது சில நாட்களுக்குள் அனுப்ப வேண்டியது. மாலையில் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை இறங்குவது, கூடவே முதுகு வலி. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் உண்டு. புற்றுநோய் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகு வலி. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ லேசாக வழுக்கி உட்கார்ந்த பிறகு வலி. படுத்தாலும் அடங்காத வலி.

சுமைதாங்கி

இதை மட்டும் தனியா பிரின்ட் எடுத்து ஒட்டி வைக்கணும். அஞ்சு மணி பேட்ச் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு ஏதாவது தனியா பார்க்கணுமா?

வெண்பலகை

பார்க்க வேண்டும். இரவு படுத்திருக்கையில் டிஸ்க் நீரை உறிஞ்சிப் புடைக்கும். காலையில் நாம் ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரமாக எழுகிறோம். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதியளவு எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். புடைத்த டிஸ்கில் குனியும்போது வளையத்தில் இழுவிசை பகலைவிட மிக அதிகம். 4:40க்கு எழுந்து 5:00க்கு சிட்-அப் போடுவது அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஆகத் தவறான பயிற்சி. முதலில் பத்து நிமிடம் நடை, பிறகு மேலுடம்பு. டெட்லிஃப்ட், ஸ்குவாட் எல்லாம் வகுப்பின் கடைசிப் பாதியில். மாலை பேட்ச்சில் மணிக்கணக்காகக் கூனி உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு நேராக வருகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. தசைநார் தளர்ந்திருக்கும், அவர்களும் பாரைத் தொடுமுன் ஐந்து நிமிடம் நின்று நடக்கட்டும்.

கர்லாக்கட்டை

காலையில வயித்துக்கு ஏதாச்சும் குடுக்கணும்னா முதுகு ஆராய்ச்சியாளர் மெக்கில் சொல்ற மூணு போதும். கர்ல்-அப், சைடு பிளாங்க், பேர்ட் டாக். பத்து செகண்டுக்கு மேல பிடிக்க வேண்டாம். முதல் சுத்து ஆறு, அடுத்து நாலு, அப்புறம் ரெண்டு. கர்ல்-அப்ல கை இடுப்புக் குழிக்கு அடியில, தலையும் தோளும் தரையில இருந்து தாளு அளவுதான் எழும்பணும். எழும்பி உக்கார்ந்தா அது சிட்-அப்.

பிளேட்டு

கடைசியா ஒண்ணு. புல்-அப் பார்ல தொங்குனா டிஸ்க் உள்ள போயிடுமா?

எல்5எஸ்1

போகாது. தொங்கும்போது இடைவெளி சிறிது விரியும், நின்று நடந்ததும் பழையபடி ஆகிவிடும். சிலருக்கு அந்தச் சில நிமிட ஆசுவாசம் பிடிக்கும், தோளுக்கும் நல்லது, 20-30 செகண்ட் தொங்கட்டும். கால்வலி கீழே இறங்கினால் விட்டுவிடச் சொல்லுங்கள். தொங்கி முடித்ததும் பாரிலிருந்து குதிக்க விடாதீர்கள், தளர்ந்து நீண்ட முதுகில் அந்த அடி நேராக விழும். காலுக்குக் கீழே ஒரு பெட்டியைப் போட்டு வைத்தால் போதும்.